கரம் குலுக்கினால் வகை தெரியுமா? குறுக்கெழுத்தில் ஆடும் சொற்கள்

கேள்வி இதுதான்: "கரம் குலுக்கினால் வகை தெரியும் (3)" என்ற குறிப்புக்கு விடை ரகம் என்று போட்டிருக்கிறார்கள், எப்படி வந்தது? குலுங்கி, ஆடி, கலங்கி, நடுங்கி என்று எது வந்தாலும் எழுத்துகளைக் கலைத்துப் பார்க்க வேண்டுமா? இந்தச் சொற்களெல்லாம் ஒன்றுதானா?

முதல் கேள்விக்கு விடை சுலபம். மறைபொருள் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு துண்டு. ஒரு துண்டு விடைக்கு நேரான பொருள், இன்னொன்று அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இங்கே நேர்ப்பொருள் "வகை". "கரம்" என்பது மூலப்பொருள், "குலுக்கினால்" என்பது அதை இடம் மாற்றச் சொல்லும் சைகை. க, ர, ம் என்ற மூன்றையும் குலுக்கினால் ர, க, ம். ரகம் என்றால் வகை. மேலோட்டமாகப் படித்தால் இரண்டு பேர் கைகுலுக்கி ஒருவரை ஒருவர் எடைபோடுவது போல இருக்கிறது பாருங்கள், அதுதான் குறிப்பின் அழகு. படிப்பவர் கண்ணுக்கு ஒரு காட்சி, விடை தேடுபவருக்கு வேறொரு கட்டளை. இரண்டும் ஒரே சொற்களில் ஓட வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. நேரடியாகச் சொல்கிறேன்: இல்லை, எல்லாம் ஒன்றில்லை. தமிழில் ஆட்டத்தைச் சொல்லும் வினைகள் ஏராளம். ஒவ்வொன்றும் எதை அசைக்கிறது, எவ்வளவு அசைக்கிறது, அசைந்த பிறகு பழைய நிலை திரும்புமா என்பதில் வேறுபடும். நல்ல புதிர் அமைப்பவர் அந்த வேறுபாட்டை மதிப்பார்.

அதற்கு முன்னால் தமிழில் எழுத்தைக் கலைப்பது என்றால் என்ன என்று தெளிவாக்கிவிடுவோம், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கவலை, கலவை. இரண்டையும் பார்த்தவுடன் ஒன்றைக் கலைத்தால் மற்றது வரும் என்று தோன்றும். வராது. கவலை என்பது க, வ, லை. கலவை என்பது க, ல, வை. ஐகாரம் ஒன்றில் லகரத்தோடு ஒட்டியிருக்கிறது, மற்றதில் வகரத்தோடு. தமிழ்க் கட்டத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்து, உயிர்மெய் என்றால் அதைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பெட்டி, புள்ளி வைத்த மெய்க்குத் தனிப் பெட்டி. அதனால் "கவலை கலைந்து கலவையானது" என்று யாராவது குறிப்பு எழுதினால், வாசிக்க இனிமையாக இருந்தாலும் அது செல்லாது.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு கலைக்கிறார்கள். நமக்கு 247. போதாக்குறைக்குச் சொல்லின் முதலில் எது வரலாம், கடைசியில் எது வரலாம் என்று இலக்கணம் வேறு கட்டுப்படுத்துகிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவையும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பது நன்னூல் காலத்து விதி. வெளியிலிருந்து வந்து சேர்ந்த சொற்கள்தான் அதைத் தளர்த்தியிருக்கின்றன. நம் ரகமே அப்படித்தான். மரபைக் கடைப்பிடிப்பவர் அதை இரகம் என்று எழுதுவார், அப்படி எழுதினால் நான்கு எழுத்தாகி இந்தக் குறிப்பே உடைந்துபோகும். ஆகவே தமிழில் சுத்தமாகக் கலையும் சோடி கிடைப்பது அரிது, கிடைத்தால் அது பொக்கிஷம்.

எனக்குப் பிடித்த சில: தவம், வதம். கதவு, தகவு. நகரம், நரகம். யமன், மயன். கலசம், சகலம். எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள், ஒன்றுகூட மீறாது.

இப்போது ஆட்டச் சொற்களுக்கு வருவோம். இதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு, குறுக்கெழுத்து போடுபவர்களும் சரி, அமைப்பவர்களும் சரி, பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப்போகும் விஷயம். தமிழில் தானாக ஆடுவதற்கும் இன்னொருவர் ஆட்டுவதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது. குலுங்கு, குலுக்கு. கலங்கு, கலக்கு. ஆடு, ஆட்டு. நடுங்கு, நடுக்கு. மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போது, அல்லது ஒரு ஒற்று கூடும்போது, ஆடியது யார் என்பதே மாறிவிடுகிறது. சிரிப்பில் உடம்பு குலுங்கும், மருந்துப் பாட்டிலை நாம் குலுக்குவோம். கட்டத்தில் கு, லு, அடுத்து ஒரு காலிப் பெட்டி, கடைசியில் கு என்று நின்றால், அந்தக் காலிப் பெட்டியில் ங் போடுவதா க் போடுவதா என்பதைக் குறிப்பின் வினைதான் சொல்ல வேண்டும். "சிரித்தால் உடல் செய்வது" என்றால் ங். "பாட்டிலை மருந்து ஊற்றுமுன் செய்" என்றால் க். இதைக் குழப்பும் குறிப்பை நான் நியாயமானதென்று ஏற்பதில்லை.

இந்த வேறுபாடு விடைக்கு மட்டுமல்ல, கலைக்கச் சொல்லும் சைகைக்கும் பொருந்தும். பாருங்கள்:

கலசம் குலுங்கியது, எல்லாம் வந்தது (4)

விடை சகலம். "எல்லாம்" நேர்ப்பொருள், கலசம் மூலம், குலுங்கியது சைகை. கலசம் என்ற சொல் அப்படியே முழுதாக, ஓர் எழுத்தும் கெடாமல் குறிப்பில் நிற்கிறது. இதையே பிறவினையில் எழுதிப் பாருங்கள்: "கலசத்தைக் குலுக்கினால் எல்லாம் வரும்". படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலசம் எங்கே? கலசத்தை என்றுதான் இருக்கிறது. மகரம் போய்விட்டது, அத்துச் சாரியை வந்து உட்கார்ந்துவிட்டது, ஐ உருபும் ஒட்டிக்கொண்டது. விடை தேடுபவர் இதையெல்லாம் உரித்தெடுத்து மறுபடி ம் போட்டு அப்புறம் கலைக்க வேண்டும். அனுபவசாலி செய்துவிடுவார். புதிதாக வருபவர் ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு நான்கு பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே தமிழில் தன்வினைதான் சைகைக்கு ஏற்றது என்பது என் கட்சி. ஆடுவது எழுவாயாக நிற்கும், எழுவாய்க்கு உருபு கிடையாது, எழுத்து கெடாது. கலசம் குலுங்கி, கலசம் குலுங்க, கலசம் குலுங்கினால், குலுங்கிய கலசம். வினையெச்சமோ பெயரெச்சமோ எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், கலசம் கலசமாகவே இருக்கும்.

அப்படியானால் "கரம் குலுக்கினால்" எப்படிச் சரி? அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. கரத்தைக் குலுக்கினால் என்பதில் உருபு மறைந்து நிற்கிறது. மரம் வெட்டினான், பாடம் படித்தான் என்று நாம் நாள் முழுக்கப் பேசுவது போலத்தான். அஃறிணைப் பெயர்களுக்கு இது இயல்பாக அமையும். ஆனால் ஆளைச் சொல்லும்போது அமையாது. "யமன் ஆட்டினால்" என்று எழுதினால் யமன்தான் ஆட்டுகிறான் என்று பொருளாகும், யமனை ஆட்டுவதாகாது. எனவே யமனுக்குத் தன்வினையே கதி:

யமனே ஆடிப்போனான், எதிரில் அசுரத் தச்சன் (3)

விடை மயன். இங்கே யமன் என்பதோடு ஏகாரம் சேர்ந்து யமனே ஆகிவிட்டது, ன் போய் னே வந்துவிட்டது, இதைச் சிலர் குறை என்பார்கள். நியாயம்தான். "யமன் ஆடிப்போனான், எதிரில் அசுரத் தச்சன்" என்று ஏகாரத்தை விட்டுவிட்டால் சுத்தமாகிவிடும், வேகம் கொஞ்சம் குறையும். நான் சுத்தத்தையே தேர்ந்தெடுப்பேன்.

உயிரில் முடியும் சொற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சிவா என்பதோடு ஐ சேர்ந்தால் சிவாவை. நடுவில் ஒரு வகர உடம்படுமெய் வந்ததே தவிர, சி, வா இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் "ஆடியில் சிவாவைப் படி (2)" என்று தைரியமாக எழுதலாம். விடை வாசி. படி என்பதுதான் பொருள். இங்கே ஆடி என்ன செய்கிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் இந்தச் சொல்லைப் போல விடை தேடுபவரை அலைக்கழிக்கும் சொல் தமிழில் குறைவு.

ஆடி என்றால் மாதம். ஆடி என்றால் ஆடிவிட்டு, அசைந்து. ஆடி என்றால் கண்ணாடி. குறுந்தொகை எட்டாம் பாட்டில் "ஆடிப் பாவை" வருகிறது, கண்ணாடியில் தெரியும் உருவம் என்று பொருள். நாம் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் பாவை. இன்றும் இயற்பியல் பாடப் புத்தகத்தில் குழியாடி, குவியாடி என்றுதான் படிக்கிறோம். ஆகவே குறிப்பில் ஆடி வந்தால் மூன்று வாசல். மாதம் என்றால் விடைக்குள் ஆ, டி என்ற எழுத்துகளே வரலாம். அசைந்து என்றால் கலை. கண்ணாடி என்றால் திருப்பிப் படி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு. சிவாவில் எழுத்து இரண்டே என்பதால் கலைத்தாலும் திருப்பினாலும் ஒரே விடைதான். மூன்று எழுத்து, நான்கு எழுத்து வரும்போதுதான் எந்த ஆடி என்று யோசிக்க வேண்டியிருக்கும். "ஆடியில்" என்று ஏழாம் வேற்றுமை உருபோடு வந்தால் பெரும்பாலும் கண்ணாடியோ மாதமோதான். வினையெச்சத்துக்கு உருபு சேராது. இது ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆடு என்ற பகுதியே வினையாகவும் விலங்காகவும் இருப்பது இன்னொரு வசதி. உரையாடு, கொண்டாடு, மன்றாடு, திண்டாடு, நீராடு என்று எத்தனை சொற்களின் வாலில் ஆடு நிற்கிறது! இவற்றில் ஒன்றிலும் நடுக்கமோ குலுக்கமோ கிடையாது, ஆடு வெறுமனே வினையாக்கும் துணைதான். ஆனால் புதிருக்கு அதைப் பிரித்து விலங்காக்கலாம்.

சபையில் மேயும் விலங்கு, கெஞ்சு (4)

மன்று + ஆடு = மன்றாடு. ம, ன், றா, டு. குற்றியலுகரம் உயிர் வந்தால் மெய்யை விட்டு ஓடும் என்ற விதிப்படி று போய் றா ஆயிற்று. இந்த மாதிரி ஒட்டுப் புதிரில் புணர்ச்சியை விடை தேடுபவர் எதிர்பார்க்க வேண்டும், அது நியாயமே, ஏனென்றால் சொல் அப்படித்தான் தமிழில் சேரும். திண்டு + ஆடு = திண்டாடு. சாய்ந்துகொள்ளும் திண்டையும் மேய்கிற ஆட்டையும் வைத்து நீங்களே ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள்.

சரி, எது எவ்வளவு ஆட்டுகிறது?

கலை என்பதுதான் கலைக்கச் சொல்ல மிகச் சரியான சொல், அதில் விவாதமே இல்லை. கூட்டம் கலைந்தது என்றால் இருந்தவர்கள் இருந்த இடத்தில் இல்லை. தலைமுடி கலைந்தது என்றால் ஒழுங்கு போயிற்று, முடி போகவில்லை. எழுத்துகளும் அப்படித்தான் ஆக வேண்டும், அத்தனையும் இருக்க வேண்டும், ஒழுங்கு மட்டும் மாற வேண்டும். "தவம் கலைந்ததால் கொலை (3)" என்றால் வதம். ஒரு புராணக் கதையே மூன்று சொல்லில் வந்துவிட்டது. தவிர, கலை என்பதற்கு ஆண்மான் என்றும் பொருள் உண்டு, கைத்திறன் என்றும் பொருள் உண்டு, நிலவின் பதினாறில் ஒரு கூறு என்றும் பொருள் உண்டு. "ஆண்மானே, கூட்டத்தை விரட்டு (2)" என்றால் இரண்டு பக்கமும் நேர்ப்பொருள்தான், எழுத்து விளையாட்டே இல்லை.

குலை கொஞ்சம் கடுமையானது. கலைந்ததை மறுபடி சேர்க்கலாம், குலைந்ததைச் சேர்ப்பது கடினம். நிலைகுலைந்தான், சீர்குலைந்தது, உருக்குலைந்தது. இந்தக் கூட்டுச்சொற்களில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. நிலைகுலைந்து என்று குறிப்பில் இருந்தால் "நிலை" என்பதே கலைக்க வேண்டிய எழுத்துகளாக இருக்கலாம், "குலைந்து" சைகையாக இருக்கலாம். சீர்குலைந்தது என்றால் சீ, ர் இரண்டும் விடைக்குள் எங்கோ இடம் மாறி இருக்கலாம். கதிகலங்கி என்பதும் அப்படியே, க, தி கலங்கினால் தி, க. பெரிய விடையின் தொடக்கமாக அது அமையும். பார்த்தால் ஒரே சொல், பிரித்தால் மூலமும் சைகையும். ஒட்டியிருக்கும் சொல்லைச் சந்தேகப்படுவது இந்த ஆட்டத்தில் நல்ல பழக்கம்.

கலங்கு தெளிவு போவதைச் சொல்கிறது. அடியில் இருந்த சேறு மேலே வருகிறது, மேலும் கீழும் மாறுகிறது. கண் கலங்குவதும் மனம் கலங்குவதும் அதிலிருந்து வந்தவை. சைகையாக நல்ல சொல்லே. குலுங்குவதும் அவ்வாறே, உள்ளே இருப்பவை இடம் மாறும், வெளியே இருக்கும் பாத்திரம் மாறாது. அதனால்தான் சீட்டுக் குலுக்கல் என்கிறோம், சீட்டு நடுக்கம் என்பதில்லை.

தளும்பு வேறு ரகம். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். தளும்பினால் ஓரத்தில் இருப்பது சிந்தும். ஆகவே ஓர எழுத்து உதிர்வதற்கு அது பொருத்தம். இந்தப் பழமொழியையே ஒரு கட்டளையாகப் படிக்கலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு: குறைகுடம் என்றால் குடத்தில் ஓர் எழுத்தைக் குறை, கூத்தாடும் என்றால் மிச்சத்தைக் கலை. நிறைகுடம் தளும்பாது என்றால் கு, ட, ம் மூன்றையும் அப்படியே வை.

உதறுவதும் உலுக்குவதும் எழுத்தைக் கழிக்கச் சொல்லும் சொற்கள், என் கணக்கில். ஈரக்கையை உதறினால் நீர் போகும், கை இருக்கும். "ஈர்ங்கை விதிரார் கயவர்" என்று குறளில் வருகிறதே, சாப்பிட்டுக் கழுவிய ஈரக்கையைக்கூடப் பிறர் மேல் உதறமாட்டார்கள் கயவர்கள் என்று. அந்த விதிர் இந்த உதறுதான். மரத்தை உலுக்கினால் காய் விழும், மரம் நிற்கும். ஆகவே "தலையை உதறி" என்றால் முதல் எழுத்தை விடு. இதை வைத்து ஆட்டச் சொல்லையே விடையாகவும் கட்டலாம்:

மையத்தை அடுத்துத் தலையை உதறிய பக்கம், பார்த்தாலே நடுநடுங்கும் நிலை (5)

இந்த வடிவத்தில் விடுவது பிழை, விடை "நடு" என்று தொடங்குவதால் குறிப்பிலேயே அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடைசிப் பகுதியை மாற்றி "பார்த்தாலே உதறல்" என்று எழுதினால், மேலே உதறிய என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே: "மையத்தை அடுத்துத் தலையற்ற பக்கம், பார்த்தாலே உதறல் (5)". மையம் என்றால் நடு. பக்கம் தலையை இழந்தால் க்கம். சேர்த்தால் நடுக்கம். நல்ல குறிப்பு இப்படித்தான் உருவாகிறது, சொல்லைச் சொல்லாக எடுத்து மாற்றிப் பார்த்துப் பார்த்து.

எழுத்தைக் கழிப்பதும் கூட்டுவதும் இறக்குமதியான விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். தண்டியலங்காரம் பேசும் சித்திரகவி வகைகளில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு, ஒரு சொல்லில் எழுத்தைக் குறைத்துக்கொண்டே வர, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தர வேண்டும். எழுத்து வருத்தனம் அதற்கு மறுதலை, எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது. திருப்பிப் படித்தாலும் அதுவே வரும் மாலைமாற்று ஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இருக்கிறது. சிலேடைக்குக் காளமேகத்தைச் சொல்லவே வேண்டாம். கட்டம் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் போட்ட புதிரிலிருந்து கிளம்பியது.

நடுங்கு, அதிர், துடி, பதறு. இரண்டாவது கேள்வியின் கடினமான பகுதி இந்த நான்கும்தான்.

நடுங்குவது ஓர் இடத்தில் நின்றுகொண்டே. குளிரிலோ பயத்திலோ முதுமையிலோ கை நடுங்குகிறது, ஆனால் கை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விரல்கள் வரிசை மாறிவிடுவதில்லை. எழுத்துகள் நடுங்கினால் அவையும் தத்தம் பெட்டியிலேயே நடுங்கட்டும், எதற்கு இடம் மாற வேண்டும்? அதனால் நடுங்கி என்பதை வைத்துக் கலைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பலர் பயன்படுத்துகிறார்கள், பழக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டும் விட்டது, ஆகவே போடும்போது சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் அமைக்கும்போது வேண்டாம். நடு என்று தொடங்குவதால் அதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: நடுக்கடல் என்றால் க, ட, ல் என்ற மூன்றில் நடுவில் நிற்கும் ட. ஆக, நடு என்று தொடங்கும் எந்தச் சொல்லைக் கண்டாலும் நடு எழுத்தை எடுக்கச் சொல்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அதிர் ஒலியோடு வருவது. இடி இடித்தால் சுவர் அதிரும், பறை அடித்தால் நிலம் அதிரும். அதிர்வெண் என்று அறிவியலில் அதே சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய தமிழில் அதிர் என்றால் நடுங்கு என்ற பொருளும் உண்டு: "எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்" என்ற குறளில் அதிர என்பதற்கு நடுங்க என்றே உரை சொல்கிறார்கள். இன்று ஒரு செய்தி கேட்டு அதிர்ந்தேன் என்கிறோமே, அது இரண்டும் கலந்தது, ஒரே அடியில் விழும் நடுக்கம். நடுங்குவது நீடிக்கும், அதிர்வது சட்டென்று வந்து ஓயும். விடையின் பொருளாக வைக்கும்போது இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

துடி என்பதற்குச் சிறு பறை, உடுக்கை என்ற பொருள் இருப்பது பெரிய வரம்.

இரண்டு உடுக்கை சேர்ந்தால் வலி தாங்காமல் தவி (4)

துடிதுடி. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையாது என்று தொல்காப்பியம் சொல்லும். கிடுகிடு, வெடவெட, வெலவெல என்பவற்றை ஒற்றையாக்கினால் பொருள் நிற்காது. துடிதுடி அந்தக் கணக்கில் வராது, துடி தனியே நிற்கும், அழுத்தத்துக்காக அடுக்கி வருகிறது. அதனால்தான் இதைப் பிரித்து விளையாட முடிகிறது. கிடுகிடுவைப் பிரித்து "கிடு" என்பதற்குப் பொருள் சொல்லச் சொன்னால் முழிக்க வேண்டியதுதான்.

நிலத்தின் ஆட்டத்துக்கு வருவோம், இதில் ஓர் அருமையான கட்டு இருக்கிறது. நிலநடுக்கம், நில அதிர்வு, பூகம்பம் என்று மூன்று சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பூகம்பத்தில் வரும் கம்பம் வடமொழியில் நடுக்கம், பூ என்பது பூமி. கம்பிதம் என்று கர்நாடக இசையில் கமக வகை ஒன்று உண்டு, சுவரத்தை அசைத்துப் பாடுவது, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் தமிழ்க் காதுக்குப் பூ என்றால் மலர், கம்பம் என்றால் தூண். ஆகவே:

மலரை அடுத்து நிற்கும் தூண், ஊரையே ஆட்டிவிடும் (5)

பூ, க, ம், ப, ம். ஒரு தூண் நிற்பதைச் சொல்லிக்கொண்டே தூணெல்லாம் விழும் சங்கதியை விடையாக வைத்திருக்கிறது. கூடவே "குலுங்கிய நகரம் பாவிகளுக்கு வாய்த்தது (4)" என்று பக்கத்திலேயே நரகத்தையும் வைத்தால் ஒரே கட்டத்தில் இரண்டும் பேசிக்கொள்ளும்.

மனம் ஆடுவதற்கு ஒன்று. கலவரம் என்பது ஊரில் நடக்கும் அடிதடி மட்டுமல்ல, உள்ளே ஏற்படும் கலக்கமும்தான், கலவரமடைந்தான் என்கிறோம். அதைப் பிரித்தால் கலம் என்பதற்குள் வர என்பது புகுந்திருக்கிறது: கல, வர, ம். "கப்பலுக்குள்ளே வர உண்டாகும் மனக்கலக்கம் (5)". இங்கே கலைப்பே கிடையாது, கலக்கம் என்ற சொல் கலைக்கச் சொல்வது போல ஏமாற்றும், ஆனால் அது நேர்ப்பொருள். இந்த மாதிரி, ஆட்டச் சொல்லைச் சைகையாகக் காட்டிவிட்டுப் பொருளாக வைப்பது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. குறிப்பில் குலுங்கி, கலங்கி என்று கண்டவுடன் பேனாவை எடுத்து எழுத்துகளை வட்டமாக எழுத ஆரம்பிக்காமல், அது குறிப்பின் ஓரத்தில் நிற்கிறதா நடுவில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்தது, தெரியும் போன்ற இணைப்பு வினைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. ஓரத்தில் இருக்கும் ஆட்டச் சொல் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நடுவில் இருந்தால் அது சைகையாகவோ கட்டுமானத்தின் ஒரு பகுதியாகவோதான் இருக்க முடியும்.

அசை பற்றியும் ஒரு வார்த்தை. அசைந்து என்பதைச் சைகையாக ஏற்கலாம், இடம் விட்டு அசைவது என்ற பொருள் அதற்கு உண்டு. "கதவு அசைந்ததும் தகுதி தெரிந்தது (3)" என்றால் தகவு. ஆனால் அசை பெயராகவும் வரும்: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று யாப்பின் உறுப்புகளைச் சொல்லும் வரிசையில் இரண்டாவது. "மாடு போடும், புலவர் பிரிப்பார் (2)". மாடு அசைபோடும், புலவர் அசை பிரிப்பார். நேரும் நிரையும் தெரிந்தவருக்கு அரை நொடி வேலை.

கடைசியாகப் பதறு. இதில் அவசரம் கலந்திருக்கிறது, நடுங்குவதில் அது கிடையாது. பதறாத காரியம் சிதறாது என்பதில் இரண்டும் அருகருகே நிற்கின்றன, பதறுவது ஆள், சிதறுவது காரியம். ஆகவே எழுத்துகளைக் கலைக்கச் சிதறி என்று எழுதுங்கள், பதறி என்று வேண்டாம். விடையாக இதன் பெயர்ச்சொல்லைக் கேட்டால் பதற்றம் என்று போடுங்கள். பேச்சில் பதட்டம் என்று வரும், பத்திரிகைகளில்கூடப் பார்க்கலாம். ஆனால் பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்தான். இரண்டும் ஐந்து எழுத்து என்பதால் பெட்டி எண்ணிக்கை உதவாது. மூன்றாவது, நான்காவது பெட்டிகளில் ற், ற வருமா ட், ட வருமா என்பதை அவற்றைக் குறுக்கே வெட்டும் சொற்களை வைத்து உறுதி செய்த பிறகே பேனாவால் எழுதுங்கள்.